கட்டி முடித்த பிறகு கேட்ட கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரியாவின் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, உணர்ச்சிவசப்பட்ட மக்கள் வாக்களித்து நாட்டின் பணத்தை டான்யூப் ஆற்றில் கரைத்துவிட்டார்கள் என்று முடிகிறது. மின்வாரியத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. பணம் வீணானது உண்மை. அந்தப் பழியை வாக்காளர்கள் தலையில் சுமத்துவது நியாயமல்ல.

1972-இல் வேலை தொடங்கி, ஏறத்தாழ 700 மெகாவாட் திறனுள்ள கொதிநீர் உலை இயங்கத் தயாராக நின்ற பிறகுதான், 1978 நவம்பர் 5 அன்று, அதை இயக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பதற்கு அன்றும் அரசிடம் விடை இல்லை. 50.47 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். வித்தியாசம் 30,000 வாக்குகளுக்கும் குறைவு. பிரதமர் கிரைஸ்கி பதவி விலகக்கூடும் என்று கோடிகாட்டியதால், அவரை வீழ்த்தவே பலர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்ற கட்டுரையாளரின் கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தில் 84 சதவீதத்தினர் எதிர்த்ததற்கு அது மட்டும் காரணமாக முடியாது. எல்லைக்கு அப்பால் சுவிட்சர்லாந்தின் ரூத்தியில் வரவிருந்த அணுமின் நிலையத்தை எதிர்த்து அம்மக்கள் பல ஆண்டுகள் போராடியவர்கள்.

வியன்னாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்த நிலையத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒருநாளும் இயக்கப்படாததால் கதிர்வீச்சே படாத உலை அது; அதனால் அதன் அடிவயிற்றுக்குக் கீழே நின்று, அணுப்பிளவின் வேகத்தை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகள் நுழையும் குழாய்களை அண்ணாந்து பார்க்க முடிந்தது. ஜெர்மனியில் இதே வகை உலைகளுக்கு உதிரிபாகங்கள் இங்கிருந்து போயிருக்கின்றன. அங்குள்ள ஊழியர்கள் இங்கே வந்து பயிற்சியும் பெற்றிருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறையின் பொத்தான்கள் வரிசையாக அப்படியே இருந்தன. உயர்ந்த வேலைப்பாடு, பார்க்கப் பார்க்க மனம் கனத்தது. அத்தனை பேரின் உழைப்பைக் கொட்டுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா?

கட்டுரையாளர் உண்மையிலேயே இழப்பைக் கணக்கிட விரும்பினால், விட்டுப்போன ஒன்றைச் சேர்க்க வேண்டும். அணுமின்சாரம் இல்லாமற்போன இடத்தை நிரப்ப, பக்கத்திலேயே டியூர்ன்ரோரில் அனல்மின் நிலையம் கட்டப்பட்டது. அங்கே நிலக்கரி எரிப்பது 2019-இல்தான் நின்றது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி