சக்கரத்தைத் தடுத்தால் மண் அரிப்பு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊரை ஒட்டியுள்ள பாதுகாக்கப்பட்ட காடுகளில் மவுண்டன் பைக்குகள், அதாவது கரடுமுரடான பாதையில் ஓட்டும் சைக்கிள்கள், பாதையைக் கெடுக்கின்றன, நடப்பவர்களைப் பயமுறுத்துகின்றன, அவற்றை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று உங்கள் இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் சைக்கிள் ஓட்டுபவன் அல்ல, காட்டில் நடப்பவன். ஆனாலும் அவர் பழியை ஆள் மாற்றிப் போட்டுவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

காட்டுப் பாதையைக் கெடுப்பதில் முதல் இடம் தண்ணீருக்கு. சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதை, மழை வந்தால் வாய்க்கால் ஆகிவிடும். மேல்மண் கரைந்துபோய் வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். அதில் நடக்கச் சிரமப்பட்டு நாம் ஓரமாக ஒதுங்குவோம். ஓரத்துச் செடிகள் மிதிபட்டுச் சாகும், ஒற்றையடிப் பாதை வண்டிப் பாதை அளவுக்கு அகலும். இதற்குச் சக்கரம் வேண்டாம், கால்களே போதும்.

பாதை அமைப்பவர்களிடம் இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பாதையின் சாய்வு, அது கடந்து போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்தப் பாதையின் சராசரிச் சாய்வும் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 10 மீட்டர் ஏற்றம். பள்ளத்துப் பக்க ஓரம் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இடையிடையே பாதை சற்று இறங்கி மறுபடி ஏற வேண்டும். இப்படி அமைத்தால் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து காட்டுக்குள் போய்விடும். ஆனால் பல காடுகளில் இருப்பது மரம் இழுத்த பழைய வழிகளும், குறுக்குவழி தேடியவர்கள் மிதித்து உண்டாக்கிய தடங்களும்தான். யாரும் சாய்வு பார்த்துப் போட்டதில்லை.

சைக்கிளின் பங்கை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், போய்ன் வேலி பூங்காவின் இலையுதிர் காட்டில் நடத்திய சோதனை 2001-இல் வெளிவந்தது. ஒரு தடத்தில் 500 தடவை வரை நடந்தும் ஓட்டியும் பார்த்தார்கள். செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 1994-இல் வெளியான மொன்டானா ஆய்வு இன்னும் சுவாரசியம்: ஈரமாக்கிய பாதையில் குதிரைகளும் நடப்பவர்களும் சைக்கிளைவிட அதிகமாக மண்ணைப் பெயர்த்தார்களாம். சரி, 500 தடவை என்பது கூட்டம் வரும் பாதைக்கு ஒன்றுமே இல்லை. பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்குபவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவும் போவதில்லை. அனுமதி இல்லாமல் மண் குவித்துத் தாவல் மேடு கட்டுகிறவர்களை அதிகாரிகள் தடுக்கத்தான் வேண்டும்.

அந்த வாசகர் சொன்னதில் நியாயமானது பயம்தான். திருப்பத்தில் திடீரென்று ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். நடப்பவருக்குச் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். ஆனால் எதிரே வருபவர் கண்ணில் படாத வளைவில் அந்த விதி எதற்கு உதவும்? அங்கே புதரை வெட்டிப் பார்வையைத் திறக்க வேண்டும், அல்லது வளைவுக்கு முன்பே வேகம் குறையும்படி பாதையை நெளிக்க வேண்டும். செங்குத்தான இறக்கங்களில் சைக்கிளுக்கென்று ஒருவழித் தடம் தனியாக இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தடை வேண்டும் என்றால் ஈரப் பாதைக்குப் போடுங்கள், நடப்பவர்களையும் சேர்த்து. நியூசிலாந்தில் கௌரி (kauri) என்னும் பெரிய காட்டு மரங்களைக் கொல்லும் நோய் மண்ணோடு பரவுகிறது என்பதால், 2018-இல் வைட்டாக்கரே காட்டின் பெரும்பாலான பாதைகளை மூடினார்கள். அங்கே முக்கியமான சந்தேகம் நடப்பவர்களின் பூட்ஸ் மீதுதான் விழுந்தது. மழை விட்டு மண் இறுகும்வரை நுழைவாயிலைப் பூட்டி வைத்தால் எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் பூட்டுங்கள் என்றே காட்டு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டில் நடக்கும் ஒரு வாசகர்