முயலுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவர் என்றாலே மாடு, ஆடு, கோழி, அப்புறம் நாய். ஆனால் ஓசூர் அடுக்ககங்களில் இப்போது முயல், லவ் பேர்ட்ஸ், இகுவானா என்ற பெரிய பல்லியைக்கூட வளர்க்கிறார்கள். ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவம் படித்து முடித்தவருக்கும் இவற்றுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நாய்க்குத் தரும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை முயலுக்கு வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டு உயிரே போகலாம். முயலின் பல்லோ வாழ்நாள் முழுக்க வளரும். புல்லைக் கடித்துத் தேயாவிட்டால் வாயைக் குத்திக் கிழிக்கும். எங்கள் முயலைத் துண்டில் சுற்றி, அதன் பல்லை மருத்துவர் ஒருவர் அவ்வளவு பொறுமையாகச் சீர்செய்தார். அந்தக் கைப்பக்குவத்துக்காக நாங்கள் பெங்களூரு வரை போக வேண்டியிருந்தது. கால்நடைத் துறை இங்குள்ள மருத்துவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தந்து, அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது இவற்றுக்கென ஒதுக்க வேண்டும்.

- வாசகர், ஓசூர்