மூளைக்கு யங் குணகம் எவ்வளவு?

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம். நலமறிய ஆவல். நிலா தன் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகத் தலைக்கவசம் அணிந்த தலையொன்றைக் கணினியில் மோதவிட்டுப் பார்க்கிறாள் என்றும், கவசத்துக்கும் மண்டையோட்டுக்கும் எண்கள் கிடைத்துவிட்டன, மூளை எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகம் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது, சரியானதைச் சொல் என்றும் எழுதியிருந்தாய். ஒரு வரியில் சொல்ல முடிந்திருந்தால் மூன்று வாரம் தாமதித்திருக்க மாட்டேன்.

நீ 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரத்தை 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, 2000 கிலோநியூட்டன் எந்திரத்தில் நசுக்குகிறவன். என் கனசதுரம் ஆட்டு மூளையில் அறுத்தது, பக்கம் 5 மில்லிமீட்டர். ஆடு அறுபட்ட சில மணி நேரத்துக்குள் சோதனை முடிந்தாக வேண்டும். எம்25 கான்கிரீட்டுக்குத் தரவிதிச் சூத்திரப்படி 25 ஜிகாபாஸ்கல் வருகிறது. மூளைத் திசு 1 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்கிறது. வேறுபாடு இரண்டரைக் கோடி மடங்கு. என் துண்டைப் பத்து விழுக்காடு அமுக்கக் கால் கிராம் எடை போதும்.

காலை ஆறு மணிக்குக் கசாப்புக் கடையில் நிற்பேன். மிளகு போட்டு வறுக்கத்தான் வாங்குகிறேன் என்று கடைக்காரர் இன்றுவரை நம்புகிறார், நானும் மறுத்ததில்லை. ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, மெல்லிய பிளேடால் அறுப்பேன். அறுத்ததைத் தட்டில் வைத்தவுடன் சுவர்கள் பிதுங்கி, சதுரம் தோசைமாவு போல இலேசாகப் பரவும். கணக்குப் போட்டுப் பார்: 5 மில்லிமீட்டர் உயரத் துண்டு தன் எடையாலேயே அடியில் 50 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. குணகம் 1 கிலோபாஸ்கல் என்றால் அடிப்பாகம் நாம் தொடுவதற்கு முன்பே ஐந்து விழுக்காடு அமுங்கிவிட்டது. எவ்வளவு உருமாறியது என்று சொல்லும் திரிபு, சுழியிலிருந்து எங்கே தொடங்குகிறது என்பதை நான்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது; கான்கிரீட்டில் உனக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது.

இழுவைச் சோதனைக்குத் துண்டை இரு தட்டுகளுக்கிடையே பசையால் ஒட்ட வேண்டும். சென்ற ஆண்டு ஒருநாள் ஃபெவிக்விக் ஒரு துளி அதிகமாகிப் பக்கச் சுவரில் ஏறி இறுகிவிட்டது. கிடைத்த எண் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. புதியதொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன், பிறகுதான் நுண்ணோக்கியில் அந்த வெள்ளை விளிம்பைக் கண்டேன்.

இவை அனைத்தையும் சரிசெய்த பின்னும் ஒரே எண் கிடைப்பதில்லை. வேகமாக அமுக்கினால் திசு விறைக்கிறது. அமுக்கியபடியே நிறுத்தினால் தகைவு, அதாவது அது எதிர்த்துத் தள்ளும் அழுத்தம், கண்ணெதிரே வடிந்துபோகிறது. மில்லர், சின்செய் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் பன்றி மூளையை மிக மெதுவான வேகத்திலிருந்து பல்லாயிரம் மடங்கு வேகம் வரை அமுக்கி இதைத் தெளிவாகக் காட்டினார்கள். திசு முதல் சுற்று அமுக்கலில் காட்டிய விறைப்பை அடுத்த சுற்றில் காட்டுவதில்லை. இழுப்பதைவிட அமுக்குவதை அதிகம் எதிர்க்கிறது. இந்த ஒன்றில் மட்டும் உன் கான்கிரீட்டுக்கு உறவு.

பகுதிக்குப் பகுதி ஒப்பிட்டால் குழப்பம் கூடுகிறது. சில்வியா புடேயின் குழு 2015-இல் மாட்டு மூளையில் ஒரு சிறு முளையை அழுத்திப் பார்த்தபோது உட்புற வெண்பகுதி ஏறத்தாழ 1.9 கிலோபாஸ்கல், சாம்பல் பகுதி 1.4 என்று வந்தது. அவரே பங்கேற்ற குழு 2017-இல் மனித மூளைக் கனசதுரங்களை அமுக்கியும் இழுத்தும் பக்கவாட்டில் சறுக்கவிட்டும் பார்த்தபோது, மேற்புறச் சாம்பல் பகுதிதான் கூடுதல் விறைப்பாக இருந்தது. இதில் யாரும் பிழை செய்ததாக நான் நினைக்கவில்லை. சிறு திரிபில் முளையால் அழுத்துவதும் பெருந்திரிபில் துண்டை முழுவதுமாக உருக்குலைப்பதும் வெவ்வேறு கேள்விகள்.

அறுக்காமலே அளக்கும் வழி ஒன்றும் உண்டு. தலையை 50, 60 ஹெர்ட்ஸில் மெல்ல அதிரவைத்து, திசுவைப் பக்கவாட்டில் அசைத்தபடி உள்ளே ஓடும் சறுக்கு அலையை எம்ஆர்ஐயில் படம்பிடிப்பார்கள். அலை நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும், நாம் கடற்கரையில் நடக்கும் வேகம். மென்மையான இடத்தில் இன்னும் தளரும். இம்முறையை 1995-இல் அறிவித்த மேயோ கிளினிக் கட்டுரையின் முதல் பெயர் முத்துப்பிள்ளை என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. தண்டுவட மரப்பு நோயிலும் அல்சைமர் நோயிலும் மூளை மென்மையாவதை இப்படித்தான் அளந்தார்கள்.

நிலாவுக்கு வேண்டியது வேறு. ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே ஜெலட்டின் மூளைகளைச் சுழற்றிப் பார்த்து எழுதினார்: மூளையின் பருமன் தண்ணீரைப் போலச் சுருங்க மறுக்கும், வடிவம் மாறவோ சிறிதும் தயங்காது, ஆகவே தலை திரும்பும்போது ஏற்படும் சறுக்குத் திரிபுதான் காயப்படுத்துகிறது. யங் குணகத்தையும், பருமன் மாறாது என்பதைச் சொல்லும் 0.5-ஐ நெருங்கிய பாய்சான் விகிதத்தையும் போட்டு நேர்மோதலை மட்டும் அவள் ஓடவிட்டால், படம் அழகாக வரும், காயம் தெரியாது. சறுக்குக் குணகமும், மோதல் நிகழும் சில மில்லிநொடிகளில் அது எப்படித் தளர்கிறது என்ற வளைவும்தான் தேவை. என் அளவீடுகள் அந்த வேகத்தை எட்டுவதில்லை, ஆனாலும் மெதுவான பகுதியைச் சரிபார்க்க உதவும், இத்துடன் அனுப்புகிறேன்.

விடுமுறையில் அவளை இங்கே அனுப்பிவை, தன் கையாலேயே ஒரு துண்டு அறுத்துப் பார்க்கட்டும். காலை ஆறு மணிக்குக் கசாப்புக் கடை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
சேகர்