பெற்றோரையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளில் தொழில்முனைவோர் பயிலரங்கம் நடத்தினால் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழிலில் ஆர்வம் வந்துவிடும் என்கிறார்கள். பாளையங்கோட்டையில் பல வருஷமாக வணிகவியல் நடத்துகிறவள் நான். ஆர்வம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும்தான் அது வாயை மூடிக்கொள்கிறது.

என் வகுப்பில் பத்தமடைப் பிள்ளை ஒருத்தி. அம்மா கோரைப்பாய் நெய்கிறார். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை எந்த நிறத்தில் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்பது, முன்பணம் வாங்குவது, பார்சல் போடுவது எல்லாம் இவள்தான். கோரை விலை ஏறினால் பாய்க்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மனக்கணக்காகவே சொல்வாள். அடக்கவிலைப் பாடத்தில் அவளுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

"படிச்சு முடிச்சதும் இதையே பெருசா செய்யலாமே, ஏன் யோசிக்க?" என்றேன்.

"பாய் விக்கவா இவ்வளவு செலவழிச்சுப் படிக்க வச்சோம்னு அம்மாவே கேப்பாவ, மேடம். பேங்க் பரீட்சைக்குச் சேத்துவிட்டாச்சு."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சிமாரும் "இந்தப் பாடு என்னோட போகட்டும்" என்றுதான் மகனைக் குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள். பெண் பார்க்கும் இடத்திலும் கடைக்காரப் பையனுக்கு இரண்டாம் பந்திதான்!

வ.உ.சி. என்றால் பேச்சுப்போட்டியில் செக்கிழுத்தது தவறாமல் வரும். 1906இல் 25 ரூபாய்ப் பங்கு விற்றுக் கப்பல் கம்பெனி தொடங்கினாரே, அது வராது. பார்த்த வேலையை விட்டுவிட்டு மதுரையில் பஸ் விட்ட, டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர். என் மாணவர்களில் பலருக்கு இது தெரியவில்லை.

பயிலரங்கத்தைப் பெற்றோருக்கும் நடத்துங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர் ஒருவர் தன் லாப நஷ்டத்தை மறைக்காமல் பேசட்டும். "கடன் வாங்கி நொடிச்சா வீடு போயிருமா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனுக்குச் சொத்து அடமானம் கிடையாது, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு என்பதை வங்கி மேலாளரே வந்து சொல்லட்டும்.

அப்புறம், நேரம். வேலைநாளில் காலை 11 மணிக்கு வைத்தால் எந்த அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு வருவார்? ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை