ஃப்ளோமுக்கு வர முதல்

அன்பு மகளுக்கு,

மே கடைசி லீவுக்கு மூன்று பேரும் நோர்வேக்கு, எங்கள் பேர்கன் வீட்டுக்கு வருகிறீர்கள் என்றதில் அம்மாவுக்கு நிலத்தில் கால் இல்லை. நீ அனுப்பின திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்று. காலையில் பேர்கனில் வெளிக்கிட்டு ரயில், பஸ், கப்பல், மலை ரயில் எல்லாம் ஏறி இரவே திரும்புகிற ஒருநாள் சுற்று வேண்டாம். முடியாதென்று இல்லை. ஆனால் கடற்கரைச் சின்ன ஊரான ஃப்ளோமில் கிடைக்கிற கொஞ்ச நேரமும் உல்லாசக் கப்பல்களில் வந்திறங்கும் சனத்துக்குள் போய்விடும். ஊரில் குடியிருப்பது ஏறக்குறைய 350 பேர். ஒரு பெரிய கப்பல் வந்தாலே ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். பின்னேரம் கப்பல் போன பிறகு கரை வெறிச்சோடிவிடும், அந்த நேரத்தில் வெளிச்சமும் இரவு பத்து மணி தாண்டியும் இருக்கும். இரண்டு இரவு தங்குங்கோ. எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியல் துறைமுகத்தின் இணையத்தளத்தில் இருக்கு. அதைப் பார்த்துத் திகதியைப் போடு.

பதிவு செய்கிற ஒழுங்கு முக்கியம். முதல் படுக்கை, பிறகு குட்வாங்கனிலிருந்து ஃப்ளோமுக்கு வரும் கப்பல், அடுத்தது மலை ரயில், கடைசியாகத்தான் பேர்கன் ரயில். ஃப்ளோமில் தங்குமிடம் குறைவு என்பதால் அது முதலில் முடியும். கிடைக்காவிட்டால் பக்கத்து அவுர்லாண்டில் தேடு, பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். மரக்குடில் எடுத்தால் விபரத்தை முழுக்க வாசி: படுக்கை விரிப்பும் துவாயும் பல இடங்களில் வாடகையில் சேராது, போகும்போது கழுவித் துடைப்பதும் உங்கள் வேலை, இல்லாவிட்டால் அதற்குத் தனிக் காசு. விரிப்புகளை எங்கள் வீட்டிலிருந்தே கொண்டு போங்கோ.

போகும் வழி இப்படி: பேர்கனிலிருந்து வொஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம். இடப்பக்க யன்னலில் இருங்கோ, கடல்நீர் அந்தப் பக்கம்தான். வொஸ் நிலையத்து வாசலில் குட்வாங்கன் பஸ், அங்கிருந்து ஃப்ளோமுக்குக் கப்பல் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கப்பல் போகும் நாரோய்ஃபியோர்ட், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒடுங்கிய நீர்வழி, 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒடுங்கிய இடத்தில் அகலம் 250 மீற்றர் மட்டும். இப்போது ஓடுவது மின்கலக் கப்பல் என்பதால் எஞ்சின் இரைச்சல் இல்லை, அருவிச் சத்தம் கேட்கும். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்காமல் மேல்தட்டுக்கு ஏறுங்கோ. காற்று முகத்தை வெட்டும். சின்னவனுக்கு உள்ளுக்குக் கம்பளி, மேலே மழையங்கி, தொப்பி, கையுறை. பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, குளிரும். குடை காற்றுக்கு நிற்காது, லண்டனிலேயே விட்டுவிட்டு வா.

திரும்பும்போது மலை ரயில். ஃப்ளோமில் கடல்மட்டத்துக்கு 2 மீற்றர் மேலே தொடங்கி 20 கிலோமீற்றரில் மியூர்டாலின் 867 மீற்றருக்கு ஏறும். செங்குத்தான இடத்தில் 18 மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏற்றம்; பல்சக்கரம் இல்லை, சாதாரணத் தண்டவாளம்தான். 20 சுரங்கங்களில் 18ஐக் கையால் குடைந்தார்கள் என்பதை மருமகனுக்குச் சொல்லு, அவருக்கு இது பிடிக்கும். ஷோஸ்ஃபொஸன் அருவியில் சில நிமிடம் நிற்கும். மே, யூனில் பனி உருகுவதால் மேடை முழுக்கச் சாரல் அடிக்கும், போனைப் பையில் வையுங்கோ.

சிக்கல் வருவது மியூர்டாலில். அங்கே ஊர் கிடையாது, நிலையமும் குளிர்காற்றும்தான். அங்கே மாறி ஏறும் பேர்கன் ரயிலுக்கு இடைவெளி பத்து நிமிடம் என்று காட்டினால் அதற்கடுத்ததை எடு. ரிக்கற்றைத் துண்டுதுண்டாக வாங்கியிருந்தால், முதல் ரயில் பிந்தினதற்காக அடுத்தது காத்து நிற்காது. கோடையில் பேர்கன் பாதையில் திருத்த வேலை நடக்கும் நாட்களும் உண்டு. பலகையில் "புஸ் ஃபொர் தோக்" என்றிருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருக்கிறார்கள். முதல் நாள் இரவு ஒருக்கால் செயலியில் பார்.

நடுவில் கிடைக்கிற முழுநாளில் ஸ்டேகஸ்டைன் போங்கோ. 650 மீற்றர் உயரத்தில் மலையிலிருந்து ஏறக்குறைய 30 மீற்றர் வெளியே நீண்டு நிற்கிற மரமேடை, நுனியில் கண்ணாடி. வழி ஒடுக்கம், வளைவுகள் கூட, மேலே வாகனம் நிறுத்த இடமும் குறைவு. கார் வாடகைக்கு எடுக்காமல் ஃப்ளோமிலிருந்து போகும் பஸ்ஸை முன்பதிவு செய். மத்தியானம் சனம், காலையிலோ பின்னேரமோ நல்லது. நேரம் மிஞ்சினால் பக்கத்து உண்ட்ரெடால் ஊர்: ஏறக்குறைய 40 பேர் மட்டும் இருக்கக்கூடிய மரத் தேவாலயம், ஆட்டுப்பால் பழுப்புச் சீஸ். அந்தச் சீஸ் இனிப்பாக இருக்கும், சின்னவன் தின்பான். உனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறன். மியூர்டாலிலிருந்து சைக்கிளில் இறங்குவோம் என்று மருமகன் எழுதியிருந்தார். மேயில் அந்தப் பாதையின் மேற்பகுதி பனிக்குள் கிடக்கலாம், திறந்திருக்கா என்று பார்க்காமல் நினைக்க வேண்டாம்.

அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் பேர்கனிலேயே வாங்கிக் கட்டுவோம். ஞாயிறும் பெருநாளும் பெரிய கடைகள் பூட்டு. மே மாதத்தில் பெருநாள் கூட. காசு மாற்றத் தேவையில்லை, கார்ட் போதும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். பெரிய சூட்கேசை எங்களோடு விட்டுவிட்டு ஆளுக்கொரு முதுகுப்பை கொண்டு போங்கோ. சின்னவனின் தள்ளுவண்டி மடிக்கிற வகையாக இருக்கட்டும்.

படுக்கை கிடைத்த உடனே திகதியை அனுப்பு. பேர்கன்–வொஸ் ரிக்கற்றை நான் இங்கிருந்து எடுக்கிறன்.

அன்புடன்,
அப்பா