புதிய விண்டோஸுக்கு மாறும் முன் அச்சகங்கள் எடுக்க வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தீபாவளி வேலையும் காலண்டர் வேலையும் ஒன்றாகக் குவிந்திருந்த அந்த நேரத்தில், சிவகாசியின் பல அச்சகங்கள் கணினியில் கை வைக்காமல் தள்ளிப்போட்டது சரியான முடிவுதான். ஆனால் சீசன் முடிந்த பிறகும் ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள்; வேறு சிலரோ யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் எல்லாக் கணினிகளையும் மாற்றிவிட்டு, மறுநாள் வேலை ஓடாமல் திண்டாடுகிறார்கள். அச்சகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஆதரவு நின்றுவிட்டதால் கணினி நின்றுவிடுவதில்லை. அதுதான் பலரையும் அசட்டையாக இருக்க வைக்கிறது. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் அந்தக் கணினிக்கு வராது என்பதே இதன் பொருள். 2017 மே மாதத்தில் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே சிக்கின. நாள்தோறும் ஊர் ஊராக வாடிக்கையாளர்களிடமிருந்து பென் டிரைவும் மின்னஞ்சலும் வந்து சேரும் அச்சகம் போன்ற ஓர் இடத்துக்கு இந்த ஆபத்து மற்றவர்களைக் காட்டிலும் கூடுதல்.

மாறுவது என்று முடிவெடுத்தவுடன் எல்லோரும் முதலில் கேட்பது, ‘என் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா?’ என்பதைத்தான். இது எளிய கேள்வி. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் செயலியே இதைச் சொல்லிவிடும். டி.பி.எம். இல்லை என்று காட்டினால், கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே புதிய கணினிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

உண்மையான சிக்கல் மென்பொருளில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 32-பிட் பதிப்பும் இருந்தது. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட்; டாஸ் காலத்துப் பழைய புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடாது. விண்டோஸுக்கு முந்திய அந்த டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங் புரோகிராமை 32-பிட் விண்டோஸ் 10-இல் இத்தனை நாள் ஓட்டி வந்த ஓர் அச்சகத்தில், புதிய கணினி வந்திறங்கிய அன்று அந்தப் புரோகிராம் திறக்கவே மறுத்துவிட்டது. அதை டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்துத் திறக்க முடிந்தாலும், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு பில் போய்ச் சேரவில்லை. பழைய கணினியை அவர்கள் எடைக்குப் போட்டிருந்தால் பாக்கிக் கணக்கு முழுவதும் போயிருக்கும்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் பழையதுதான். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். ஆனாலும் பல ஆண்டுகளின் திருமண அழைப்பிதழ்களும் காலண்டர் தாள்களும் யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் அந்தக் கோப்புகளுக்குள்தான் கிடக்கின்றன. தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கான பழைய லாக் (மென்பொருள் ஓடுவதற்காகக் கணினியில் செருகும் சிறு கருவி), அதை இயக்கும் 64-பிட் டிரைவர் இல்லாவிட்டால் புதிய கணினியில் வேலை செய்யாது. ஆகவே எந்தக் கணினியில் எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த லாக், எந்த பிரின்டர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு புதிய கணினியில் போட்டுப் பார்த்து, பழைய கோப்பைத் திறந்து அச்செடுத்துச் சரிபார்த்த பிறகே மற்றவற்றை மாற்ற வேண்டும். கணினியிலிருந்து நேரடியாக அச்சுப் பிளேட் எடுக்கும் சி.டி.பி. இயந்திரத்தோடு இணைந்த கணினியை மட்டும், இயந்திரத்தைத் தந்த நிறுவனம் எழுத்துமூலம் ஒப்புதல் தரும் வரை தொடவே கூடாது. அதுவரை அதற்கு இணைய இணைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது, ஹார்டு டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடலாம். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. நிறுவ வருபவர் அவசரத்துக்குத் தம்முடைய கணக்கைப் போட்டுவிட்டுப் போனால், பின்னொரு நாள் கணினி பழுதாகும்போது உரிமையாளரிடம் சாவி இருக்காது. அச்சகத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, சாவியைத் தாளில் எடுத்து இரும்புப் பெட்டியில் வைப்பது அவசியம்.

உடனே மாற முடியாதவர்கள் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டைத் தொடர்ந்து பெறக் கட்டண நீட்டிப்பு உண்டு. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்த ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு. பிந்திச் சேர்பவர் விட்டுப்போன ஆண்டுக்கும் கட்ட வேண்டும். 2028 அக்டோபரோடு அதுவும் முடிந்துவிடும். வீட்டுக் கணினிகளுக்கு அறிவித்த நீட்டிப்பு வணிகப் பயன்பாட்டுக்கு உரியதன்று. நான்கைந்து கணினிகள் உள்ள அச்சகம் இந்தப் பணத்தைப் புதிய கணினிக்கே சேர்த்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

நமக்கு ஏற்ற காலம் பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் இடைப்பட்ட மாதங்கள். ஆடி 18 அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிட்டால் அதன்பின் மூச்சு விட நேரம் இராது. மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யும் கெடு என்பதால், கணக்குப் பிரிவின் கணினியை 20-க்குப் பிறகு மாற்றி, அடுத்த மாதக் கணக்கு பிசகின்றித் தாக்கலாகும் வரை பழையதையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வோர் அச்சகமும் தனித்தனியாக இதே சோதனைகளைச் செய்வது வீண் செலவு. எந்த எழுத்துரு ஓடுகிறது, எந்த லாக் ஓடவில்லை, எந்த பிரின்டருக்கு டிரைவர் கிடைக்கிறது என்பதை அச்சக உரிமையாளர் சங்கங்கள் உறுப்பினர்களிடம் கேட்டுத் தொகுத்து, அந்தப் பட்டியலைப் பங்குனிக்குள் எல்லோருக்கும் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அச்சகக் கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
சிவகாசி.