டைனமோவை ஏன் சாயங்காலம் வரை வைத்துக்கொள்கிறோம்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டை, புளியரையிலிருந்தும் மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் கார் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: டைனமோவில் மல்டிமீட்டரை வைத்தால் டயோடு போய்விட்டதா இல்லையா என்று ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடாதா? நியாயமான கேள்வி.

டைனமோ என்று நாம் சொல்வது, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரைத்தான். அதற்குள் உண்டாவது ஏசி கரண்ட். அதை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது டயோடு பிளேட். கரண்டை ஒரே பக்கமாக மட்டும் விடுகிற டயோடுகள் அதில் பெரும்பாலும் ஆறு, சில மாடலில் எட்டு. டைனமோவின் காயில் (சுருள்) கம்பிகள் பிளேட்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கும்போதே சோதித்தால் ஒரு டயோடு ஷார்ட் ஆனாலும் பக்கத்தில் இருக்கிற நல்லதும் கெட்டது போலக் காட்டும். அதனால் முதலில் ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பிரிக்கிறோம். அப்புறம்தான் மீட்டர். ஒரு பக்கம் 0.5 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும், முனைகளை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் காட்டக் கூடாது.

சரி, இதோடு விட்டுவிடலாமே என்றால், அங்கேதான் ஏமாந்துபோவோம். மீட்டர் அனுப்புகிற கரண்ட் துளியூண்டு, ஓடுகிற வண்டியிலோ அதே டயோடு பல ஆம்பியர் தாங்க வேண்டும். அதனால் 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைச் சேர்த்து ஒவ்வொரு டயோடாகப் பார்க்கிறோம். போன சபரிமலை சீசனில் வந்த ஒரு வேனுக்கு, வேறொரு கடையில் புது பேட்டரியே மாற்றியிருந்தார்கள், ஆனாலும் கிளம்பி அரை மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். மீட்டரில் ஆறும் சுத்தம். பிளேட்டைச் சூடாக்கி, பல்பை மாட்டி, டயோடின் காலை மரக்குச்சியால் லேசாகத் தொட்டபோது பல்பு சிமிட்டியது. சூட்டில் மட்டும் விட்டுப்போகிற இணைப்பு! பகலில் சமாளித்துவிடும், ராத்திரி ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக் கணவாய் ஏறும்போது காலை வாரிவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி நல்ல டயோடும் போய்விடும். ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான்.

வண்டியை விடும்போது சார்ஜ் லைட் எப்போது எரிகிறது, எஞ்சின் சூடான பிறகா, மழையிலா என்று சொல்லுங்கள். பழைய பிளேட்டை உங்களிடமே தந்துவிடுவோம், போன டயோடில் மார்க்கர் வைத்து.